வாய்க்கால் கரையில் வண்டி நின்றபோது

உழுகிற குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த சமயம். பதிவதற்குள் அவர்களை நிலத்தைவிட்டுக் கிளப்பிவிட மிராசுதார்கள் அவசரப்பட்டார்கள். என் கணவருக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை. பம்புசெட் இன்ஜின் பழுது பார்ப்பவர். வரப்போ படுகையோ, எங்கே கூப்பிட்டாலும் தன் பழைய மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்.

குடவாசலுக்கு அப்பால் ஒரு குத்தகைக்காரர் கூப்பிட்டிருந்தார். ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், கதிர் பால் பிடிக்கிற நேரம், அவருடைய இன்ஜின் ஓடவில்லை. வேலை முடிந்து திரும்பும் வழியில் என் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

குத்தகைக்காரர் வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது வயலில் இன்ஜின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பிறகு கூச்சல். என் கணவர் வண்டியோடு வந்து நின்றார். வலது மணிக்கட்டு ஒருமாதிரி மடங்கியிருந்தது.

"ஏறு."

"என்னங்க ஆச்சு?"

"மிராசுதார் ஆளுங்க தடியால அடிச்சுட்டானுங்க. ஏறுன்னா ஏறு!"

ரோட்டுக்குப் போகாமல் வயல்களுக்கு நடுவே விட்டார். முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிக் கிடந்த ஒரு வாய்க்காலில் இறங்கினோம். மறுகரை ஏறி ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பியதும் வண்டி செத்தது. உதைத்துப் பார்த்தார். மறுபடி உதைத்தார். ஒன்றுமில்லை.

எதிர்க்கரையில் மூன்று பேர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளை இறக்க முடியாத சேற்றையும் தண்ணீரையும் பார்த்துச் சற்று நின்றுவிட்டு, தூரத்து மதகைப் பார்த்து மிதிக்க ஆரம்பித்தார்கள். சுற்றி வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஓடிடலாங்க."

"வயக்காட்டுல எங்க ஓடுவ? பிளக்கைக் கழட்டு. எனக்கு விரல் மடங்கல."

ஸ்பானரை எடுத்துக் கொடுத்துப் பழக்கம் உண்டே தவிர நான் ஒன்றையும் கழற்றியதில்லை. பிளக் கையைச் சுட்டது. நுனி ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தது.

"பெட்ரோல் வருது. நெருப்புதான் வரல. ஒயர் கேப்பில சொருகி, இன்ஜின் இரும்புல ஒட்டிப் பிடி, பொறி வருதான்னு பாப்போம். பிளக் ஓட்டைக்குக் கிட்ட வேணாம், ஆவி பத்திக்கும்."

வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. முந்தானையை அதன்மேல் போர்த்திக்கொண்டு தலையை உள்ளே விட்டேன். நைலக்ஸ் சேலை. பற்றினால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பது உள்ளே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் உதைத்தார். இருட்டாகவே இருந்தது. அவர் பையிலிருந்த வேறு பிளக்கைப் போட்டோம். அதுவும் இருட்டு. கேப்பைப் பிடுங்கி, ஒயர் நுனியை இரும்புக்கு ஒரு நெல் அளவு தள்ளிப் பிடிக்கச் சொன்னார். அப்போதும் இல்லை.

சைக்கிள்கள் மதகைத் தாண்டிவிட்டன. வெள்ளைச் சட்டைக்காரன் முன்னால் வந்தான். அழக்கூட வரவில்லை எனக்கு.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "தண்ணிக்குள்ள சாகல. திருப்புறப்பதான் செத்துச்சு," என்றார், தனக்குத்தானே பேசுவது போல. பிறகு என்னிடம், "கழுத்துக்கிட்ட ஒயரைப் பாரு."

சாவியிலிருந்து வந்த ஒயர் ஹேண்டில்பாரின் கழுத்தில் உரசி உரசித் தோல் போய், செம்பு சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சாவிய அணைச்சா எப்படி நிக்குமோ அப்படி நிக்குது. அந்த ஒயர் வேணாம், பொறி தர்ற காயில்லேருந்து பிடுங்கிடு."

பிடுங்கினேன். மறுபடி முந்தானைக்குள் தலையை விட்டேன். டிக்கென்று நீலமாக ஒரு பொறி. "வந்துடுச்சுங்க!" என்று கத்தினேன். அவசரத்தில் பிளக் மரையில் ஏறாமல் கோணிக்கொண்டு போனது. எப்படிப் பூட்டினேனோ.

வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் மணிக்கட்டு வீங்கிவிட்டதால் ஆக்ஸிலேட்டரை அவரால் இனி முறுக்க முடியாது. பின்னாலிருந்து கையை நீட்டி நான் பிடித்துக்கொண்டேன். கிளட்சும் கியரும் அவர். "முறுக்கு… விடு… முறுக்கு!" என் முதுகில் எதுவோ பட்டது. கல்லா, மண்ணாங்கட்டியா தெரியவில்லை. நான் திரும்பவில்லை.

குடவாசலில் அவர்கள் ஆட்கள் இருப்பார்கள் என்று பயந்து குத்தாலம் வரை போனோம். ஒயரைப் பிடுங்கிவிட்டதால் இனிமேல் சாவியால் வண்டியை அணைக்க முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் கியரிலேயே பிரேக்கை அழுத்தி மிதித்து நிறுத்தினார். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார்.

"வண்டி கவுந்துடுச்சு சார்."

அந்த டாக்டர் எந்த மிராசுதாருக்கு என்ன உறவோ. நானும் தலையாட்டினேன்.

அந்தக் குத்தகைக்காரர் பெயர் இரண்டு மாத அலைச்சலுக்குப் பிறகு பதிவானது. அன்றைக்கு உடைத்துப் போட்டிருந்த இன்ஜினைச் சரிசெய்ய அவர் வந்து என் கணவரைக் கூப்பிட்டார். கை அப்போதுதான் கூடியிருந்தது, கொஞ்சம் கோணலாக.

"போகாதீங்க," என்றேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றார். அப்படி அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார். அதுவரை நான் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.