விசிலுக்குத் தடை போட்டேன்

எங்கள் திருவண்ணாமலைக்கு ஒரு வெளிநாட்டு இசைக்குழு வந்தது. நாட்டுப்பாடல், ப்ளூஸ், ரெகே எல்லாம் வாசிப்பார்களாம். காலேஜில் படிக்கிற திமிரில் நான் அறிவிப்பாளனாக மைக்கைப் பிடித்தேன்.

"இது திருவிழா ஆர்கெஸ்ட்ரா இல்லீங்க. விசில் அடிக்கக் கூடாது, ஆடக் கூடாது!"

மூன்று பாட்டு முடிந்தும் கூட்டம் கை கட்டியே உட்கார்ந்திருந்தது. பாடகி கண் கலங்கி என்னிடம் வந்தாள். "எங்களைப் பிடிக்கவில்லையா? நிறுத்திவிடட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குப் பதறிவிட்டது. முன்வரிசையில் இருந்த பூக்கடை அக்காவிடம் ஓடினேன்.

"ஏங்க்கா உம்முனு இருக்கீங்க?"

"நீதானடா அடக்கமா குந்தச் சொன்ன! எனக்குக் காலு சும்மாவே இருக்க மாட்டேங்குது."

திரும்பவும் மைக்கைப் பிடித்தேன்.

"மன்னிச்சிடுங்க, எனக்கும் இது புதுசுதாங்க. தெரிஞ்ச மாதிரி சும்மா பீலா வுட்டேன். ஆடுங்க!"

முதல் விசில் அக்காவுடையது. பாடகி சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.

தெரியாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கே அந்தப் பாட்டு காதில் விழுந்தது.