பெரிய ஊடு, சின்ன ஊடு

ஆசிட் வாடை மூக்கில் ஏறியதும் ஜவ்வாது மலையின் அந்த விடியல் ஞாபகம் வருகிறது. இரவெல்லாம் ஜீப்பில் விளக்கையும் சின்ன ஃப்ரிட்ஜையும் ஓடவிட்டு நான் பேட்டரியைச் சாகடித்திருந்தேன். வண்டியைத் தள்ளியது என் மனைவி. இனி ஒருமுறை தள்ளச் சொன்னால் பயணமே கிடையாது என்கிறாள்.

அதனால்தான் குடகுக்குப் புறப்பட்ட நாங்கள் சென்னீர்குப்பத்திலேயே ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடை முன் நிற்கிறோம். லாரிகள் கிளப்பும் தூசி வெயிலில் பொன்னாக மிதக்கிறது. எலெக்ட்ரீஷியன் பானெட்டுக்குள் குனிந்து இரண்டாவது பேட்டரியை இறுக்குகிறார். இரண்டுக்கும் நடுவே கறுப்பு டப்பாவாக ஒரு ரிலே.

"இது எதுக்கு?" என்கிறேன்.

"அண்ணாத்தே, இன்ஜினுக்கு கீறது பெரிய ஊடு. லைட்டு, ஃப்ரிட்ஜுக்கு இது சின்ன ஊடு. வண்டி ஓடசொல்லோ ரெண்டுக்கும் சார்ஜு போவும். நின்னுச்சுன்னா இந்த டப்பா கதவ சாத்திடும். அப்பால சின்ன ஊட்ல இன்னா கூத்தடிச்சாலும் பெரிய ஊட்டுக்குத் தெரியாது."

அப்போதுதான் ஸ்டூலில் அமர்ந்திருக்கும் என் மனைவியைப் பார்க்கிறார். ஸ்பேனர் தேடுவதுபோல் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

"செத்த பேட்டரி ஒண்ணை மாட்டிக் காட்டுங்க" என்கிறாள் அவள்.

புதியதைக் கழற்றி, கடையில் கிடந்த ஒரு செத்த பேட்டரியை அந்த இடத்தில் மாட்டுகிறார். சாவியை அவளே திருகுகிறாள். ஒரே திருகலில் இன்ஜின் உறுமுகிறது.

புதியதைத் திரும்ப மாட்டி பானெட்டை மூடுகிறார்.

"தப்பா நென்ச்சுக்காதக்கா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"தப்பே இல்ல தம்பி. சின்ன வீடு செத்தாலும் பெரிய வீடு ஓடுது. எனக்கு அது போதும்."