றீற்றா அக்கா மறுநாளும் போவார்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். நான்தான் மறித்தேன். ஆசிரியர்களுக்கான விடுமுறைக் கருத்தரங்கு அன்று நெடுந்தீவில். அதை நடத்த வேண்டிய றீற்றா அக்கா இன்னும் வரவில்லை. படகோட்டிக்கும் அவரைத் தெரியும். "ரீச்சர் எண்டைக்கு நேரத்துக்கு வந்தவா? பொறுப்பம்" என்று சிரித்துக்கொண்டு கயிற்றைத் திரும்பவும் கட்டினார். வெயில் ஏறியது. படகில் இருந்த சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. அப்போதுதான் தொலைபேசி அடித்தது. றீற்றா அக்காவின் தம்பி. "அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா. நெஞ்சுக்குள்ள நோகுது எண்டு சொன்னவா, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தி முடிஞ்சுது." நான் படகோட்டியிடம் போய், "நீங்கள் வெளிக்கிடுங்கோ, அவ வரமாட்டா" என்றேன்.

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவர் ஆசிரிய ஆலோசகர். தீவுப் பள்ளிக்கூடங்களுக்குப் பேருந்திலும் படகிலும் போய் ஆசிரியர்களோடு மாரடித்தவர். எந்தப் பாடத்துக்கு ஆலோசகர் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது. வகுப்பில் ஒட்டாமல் நிற்கிற பிள்ளையை எப்படி ஒட்ட வைப்பது, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆசிரியர் எப்படி நிற்பது என்பதுதான் அவருடைய பாடம். நான் வேலணைப் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறவள். என்னை அவர் கருத்தரங்குகளுக்கு இழுத்துக்கொண்டு திரிந்தார். "நான் சொன்னா ஆலோசகர் அலட்டுறா எண்டுவினம். நீர் வந்து உம்மட பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லும்" என்பார். அன்றைக்கும் அதற்காகத்தான் போய் நின்றேன்.

முதன்முதலில் அவரைக் கண்டது ஊர்காவற்றுறையில் ஒரு கருத்தரங்கில். பட்டணத்திலிருந்து வந்து போகிற ஆசிரியர்கள் மின்விசிறிக்குக் கீழே முன்வரிசையில். தீவிலேயே இருக்கிற நாங்கள் சுவரோரம். யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை, அது தானாக அமைந்துவிடும். றீற்றா அக்கா உள்ளே வந்தார், பையை வைத்தார். "எல்லாரும் அவரவர் கதிரையைத் தூக்குங்கோ. இந்த மண்டபத்தில உங்களுக்கு ஆரைத் தெரியாதோ, அவருக்குப் பக்கத்தில கொண்டுபோய்ப் போடுங்கோ" என்றார். ஒருவரும் அசையவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் வெட்கத்துக்காகவே கதிரைகள் நகரத் தொடங்கின. எல்லாரும் இருந்த பிறகு ஒரு கேள்வி கேட்டார். "உங்கட வகுப்பில நேற்று ஆரோட ஒருத்தருமே கதைக்கேல்லை?" மண்டபத்தில் ஒருவருக்கும் மறுமொழி தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காக அவர் மேல் எனக்கு அன்று கோபம்தான் வந்தது.

அல்லைப்பிட்டிக் கடற்றொழில் குடும்பம் அவருடையது. அங்கிருந்து இடம்பெயர்ந்த காலத்தில், தான் படிப்பித்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேறொரு பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார். அங்கே அவர்களுக்கு இருக்க வாங்கு கொடுத்தார்கள், புத்தகம் கொடுத்தார்கள், சாப்பாடும் கொடுத்தார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட மட்டும் ஒருவரும் இல்லையாம். "அகதிப் பிள்ளையள் எழும்புங்கோ, அகதிப் பிள்ளையள் இருங்கோ. நானும் அதுக்குள்ள ஒரு அகதி ரீச்சர்" என்று ஒருமுறை சொன்னார். அதைப் பற்றி அதற்கு மேல் கதைக்கமாட்டார். கேட்டால், "அது கிடக்கட்டும், உம்மட வகுப்பைச் சொல்லும்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கதை தவமலரில் தொடங்குகிறது. பள்ளிக்கூடச் சாப்பாடு சமைக்கிற வேலை அவருக்குக் கிடைத்தது. நல்ல கைப்பக்குவம். ஆனால் அவர் சமைக்கத் தொடங்கியதும் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஒருவருக்கு வயிறு சரியில்லை, மற்றவருக்கு மருத்துவர் சொன்னாராம். ஆசிரியர்களிலும் சிலருக்குத் திடீரென்று வயிறு சரியில்லாமல் போனது. காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாதி. இங்கே நான் எழுதிவிடுகிறேன், மழுப்பினால் றீற்றா அக்கா எழும்பி வந்து ஏசுவார். தவமலரின் மகள் கிருசிகா அப்போது என் வகுப்பில், ஐந்தாம் ஆண்டு. தாய் சமைத்ததை ஒரு மூலையில் தனியே இருந்து சாப்பிடுவாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. றீற்றா அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் வந்தார், பார்த்தார், அவசரப்பட்டார். பரிசளிப்பு விழா கிட்ட இருந்தது. தவமலரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம், ஊருக்கு முன்னால் மரியாதை செய்தால் பெற்றோர் வாயடைத்துப் போவார்கள் என்றார். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எதற்கெடுத்தாலும் பொன்னாடை போர்த்துகிற ஆட்கள்தானே நாங்கள். விழாவன்று உப அதிபர் போர்த்தினார். தவமலர் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்தறியாத மனிதர், சால்வையை விரல் நுனியால் பிடித்து, அவர் தோளில் படாமல் போட்டுவிட்டார். எல்லாரும் கைதட்டினோம். றீற்றா அக்காவின் முகத்தில் அன்றைக்கு அவ்வளவு சந்தோசம்.

அடுத்த நாள் பள்ளிக்கூடக் குசினியில் அடுப்பு எரியவில்லை. கிருசிகாவும் வரவில்லை. வகுப்பில் விசாரித்தபோதுதான் விசயம் வெளியில் வந்தது. விழா முடிந்து போகிற வழியில், "உங்கட அம்மா சமைக்கிறதைச் சாப்பிடக்கூடாது எண்டு எங்கட வீட்டில சொன்னவை. அதாலதான் அவவுக்குச் சால்வை" என்று ஒரு பிள்ளை அவளுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறது. பொல்லாப்பாகச் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. அதுவரை கிருசிகாவுக்கு அது தெரியாது. அம்மாவின் கறி உறைப்பு, அதனால்தான் பிள்ளைகள் சாப்பிடுவதில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் தாயிடம் போய், "அம்மா, நாளைக்குத் தூளைக் குறைச்சுப் போடுங்கோ" என்று கெஞ்சியிருக்கிறாள். தாயும் குறைத்துக் குறைத்துப் போட்டிருக்கிறார்.

மண்கும்பானில் இருந்த அவர்கள் வீட்டுக்கு றீற்றா அக்காவை என் ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போனேன். தவமலர் படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினார். "ரீச்சர், என்ர பிள்ளைக்கு நான் கறி உறைப்பு எண்டு சொல்லி வைச்சிருந்தனான். வளர்ந்தாப்பிறகு தெரியட்டும் எண்டு இருந்தனான். நீங்கள் மேடை போட்டு விளங்கப்படுத்திப் போட்டியள்." றீற்றா அக்கா சாட்டுச் சொல்லவில்லை. "ஓம் தங்கச்சி, பிழை என்ரதான்" என்றார். "சரி, போட்டு வாங்கோ" என்று தவமலர் உள்ளே போய்விட்டார். அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். இறங்கும்போது, "நாளைக்கும் வருவம்" என்றார். எனக்குச் சினம் வந்தது. "இனி என்ன முகத்தோட அங்க போறது?" என்று கேட்டேன். "இதே முகத்தோடதான். வேற முகம் இருக்கோ?" என்றார்.

மறுநாளும் போனோம், படலை திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் போனோம். நான் களைத்துப் போனேன். அக்கா களைக்கவில்லை. களைத்திருந்தாலும் எனக்குக் காட்டவில்லை. ஒருநாள் தவமலரே படலைக்கு வந்தார். "பிள்ளையை அனுப்புறன். சமைக்கிறதையும் நான் விடமாட்டன், அது என்ர வேலை. ஆனா எங்களை மேடையில ஏத்தாதேங்கோ" என்றார். அன்று திரும்பும்போது றீற்றா அக்கா, "பக்கத்தில நில்லுங்கோ எண்டு ஊர் ஊராச் சொல்லிப்போட்டு, நான் அவளை முன்னுக்குத் தள்ளிவிட்டிட்டன்" என்றார். அவர் கண் கலங்கி நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு விழாவும் இல்லை, பேச்சும் இல்லை. எங்கள் தீவுப் பக்கம் வருகிற நாளெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார். தட்டை எடுத்துக்கொண்டு கிருசிகா இருக்கிற வாங்கில் போய் இருப்பார். மற்றவர்களை வா என்று கூப்பிடமாட்டார். ஒருநாள் நான் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்பதைக் கண்டார். "உமக்குச் சங்கடம் எண்டு எனக்குத் தெரியும். அவளுக்கும் சங்கடம்தான். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாரும்" என்றார். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் தட்டெடுத்தேன். கிருசிகா எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள். அடுத்த கிழமை இன்னும் இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். ஆசிரியர்கள் இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகளும் மெல்ல மெல்ல வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னால் பொய். உப அதிபர் இன்றுவரைக்கும் வரவில்லை.

செய்தி என் வீட்டுக்கும் எட்டியது. என் கணவரின் அக்கா வந்து, "நீர் அங்க சாப்பிட்டனீராம்" என்றார். ஓம் என்றேன். எங்கள் வீட்டில் செய்த மாமனாரின் திவசத்துக்கு அவர் வரவில்லை. கொதித்துப்போய் றீற்றா அக்காவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒராள் குறைஞ்சா உமக்குச் சட்டிபானை கழுவுறது குறைவுதானே" என்றார். சிரித்து முடித்துவிட்டு, "நாளைக்கு மச்சாளிட்டப் போவீரோ?" என்று கேட்டார். நான் ஏன் போக வேண்டும் என்றேன். "போம். நீர் கதையாமல் விட்டா அவவுக்குச் சுகமாப் போயிடும்." போனேன். மச்சாள் தேத்தண்ணி தந்தார். இன்னும் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. நானும் போகாமல் விடவில்லை.

கிருசிகா ஆறாம் ஆண்டுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டியவள். அங்கே சாப்பாடு வீட்டிலிருந்துதான், ஆனால் யாரோடு இருந்து சாப்பிடுவது என்பது அங்கும் இருக்கிறது. அவளுக்குப் பயம். போகமாட்டேன் என்று அழுதாள். றீற்றா அக்காதான் அவளுக்கு வாக்குக் கொடுத்தார். "முதல் நாள் நான் உன்னோட வருவன். உன்ர ரீச்சரோடயும் கதைப்பன். வா, பாப்பம்." அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் சம்மதித்தாள். தவணை தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது அவர் போய்விட்டார்.

அஞ்சலிக் கூட்டத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். எல்லாரிலும் உருக்கமாகப் பேசியவர் எங்கள் உப அதிபர். பிள்ளைகள் எல்லாரும் சமம் என்பதை றீற்றா ரீச்சரிடம் கற்றேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எனக்கு இருக்க முடியவில்லை. எழும்பி வெளியே வந்துவிட்டேன். நான் மரியாதை தெரியாமல் நடந்துவிட்டதாகப் பிறகு கதைத்தார்களாம். கதைக்கட்டும். எனக்கு அப்போது மண்டைக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான், திங்கட்கிழமை அந்தப் பிள்ளையோடு யார் போவது?

நான்தான் போனேன். எங்கள் அதிபரிடம் அரைநாள் விடுப்புக் கேட்டு, கிருசிகாவைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பில் விட்டேன். இடைவேளை வரைக்கும் நின்று பார்த்தேன். விறாந்தையின் கடைசியில் ஒரு வாங்கு, அதில் அவள் மட்டும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள். அவளுடைய வகுப்பாசிரியையிடம் போனேன். இளம் பிள்ளை, வேலைக்கு வந்து கொஞ்சக் காலம்தான் இருக்கும். "புதுப் பிள்ளையள்தானே ரீச்சர், பழகீடுவினம்" என்றார். "இண்டைக்கு அவளோட ஆர் கதைச்சது?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்? உங்களை ஆர் இங்க அனுப்பினது?" என்று கேட்டார்.

என்னிடம் பதவியும் இல்லை, கடிதமும் இல்லை. "றீற்றா ரீச்சர்" என்றேன்.

"அவ மோசம் போயிட்டாவெல்லோ?"

"ஓம். அதாலதான் நான் வந்தனான். நாளைக்கும் வருவன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விறாந்தைப் பக்கமும் ஒருமுறை பார்த்தார், எழும்பவில்லை. நான் போய்க் கிருசிகாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். "றீற்றா ரீச்சர் இருந்தா இண்டைக்கு வந்திருப்பா, என்ன?" என்று அவள் கேட்டாள். ஓம் என்றேன். அதன் பிறகுதான் சாப்பிடத் தொடங்கினாள்.

நாளைக்கும் விடுப்புக் கேட்டால் எங்கள் அதிபர் முகத்தைச் சுளிப்பார். கேட்கத்தான் போகிறேன். றீற்றா அக்காவுடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தச் சும்மா இருக்கமாட்டாமை ஒன்றுதான். காலம் ஆற்றும் என்று எனக்கு ஒருவரும் சொல்ல வராதீர்கள். அந்த வாங்கில் கிருசிகாவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து இருக்கும்வரை எனக்கு இது ஆறக்கூடாது.