கரண்டிக்காரி

கரண்டிக்காரி என்றால்தான் படகுத்துறையில் அவளைத் தெரியும். ஆற்றங்கரையில் இருக்கிற இருநூறு வருஷத்து வீட்டில் தங்க வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு பரிமாறுகிறவள்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பழைய காலத்து வெள்ளிக் கரண்டிகள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அதில் ஒன்று காணாமல் போனது. அப்போதைய மேனேஜர் பழியைப் படகோட்டியின் தலையில் போட்டுத் துரத்திவிட்டார். அந்தப் படகோட்டி இவள் புருஷன். கரண்டிக்காரி என்ற பெயர் அதில்தான் இவளுக்கு ஒட்டிக்கொண்டது. அக்கரையில் கூடப்பிறந்தவர்களே அவனை வீட்டுக்குள் ஏற்றவில்லை. மனம் விட்டுப்போய்ப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

போன வருஷம் மேனேஜர் அறையில் சுவர் அலமாரியைப் பெயர்த்தார்கள். உள்பலகைக்குப் பின்னால், துணியில் சுற்றின கரண்டி! அலமாரிச் சாவி அந்தப் பழைய மேனேஜர் இடுப்பை விட்டு இறங்கினதே இல்லை. வீட்டுக்குக் கெட்ட பெயர் வேண்டாம் என்று புது முதலாளியம்மா அதைச் சத்தமில்லாமல் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து இவளுக்கு ஒரே வேண்டுதல். "கடவுளே, அந்த ஆளை ஒரு தரம் என் கண் முன்னால கொண்டுவா." கேட்கக் கூடாத வரம்தான். ஆனாலும் தினமும் முழங்கால் போட்டுக் கேட்டாள்.

வந்தார். நரைத்த தலையோடு, சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு, இரண்டு நாள் தங்க. காலையில் டீ ஊற்றினவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இந்த வீட்டைக் கட்டி ஆண்டவன் நான், சம்பந்தி. அந்தப் பெட்டியில பன்னெண்டு கரண்டி இருந்துச்சு. ஒரு படகோட்டிப் பய ஒண்ணை அமுக்கிட்டான். விடுவேனா நான்?"

"அடேங்கப்பா! கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுல்ல இருந்திருக்கீங்க" என்றாள் சம்பந்தியம்மா.

இவள் டீ ஜாடியைக் கீழே வைத்தாள்.

"ஐயா, எழுந்து போய் எண்ணுங்க."

"என்னம்மா?"

"சத்தமா எண்ணுங்க. சம்பந்திக்கும் கேக்கட்டும்."

சிரித்துக்கொண்டே போனார். பத்தைத் தாண்டினதும் குரல் இறங்கிவிட்டது. பன்னிரண்டு என்று சம்பந்திதான் எண்ணி முடித்தார்.

"உங்க அலமாரிப் பலகைக்குப் பின்னால இருந்துச்சு. நான் அந்தப் படகோட்டி பொண்டாட்டி."

மேனேஜர் பெட்டியை விட்டு இவள் பக்கம் திரும்பினார். "ஒரு வாரத்துலயே கெடச்சுது தாயி. நானே வச்சு மறந்திருந்தேன். ஆளைத் துரத்தினதுக்கு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

"அதனால ஒளிச்சு வச்சீங்க."

"மன்னிச்சிரும்மா."

"அதைக் கடவுள்கிட்ட கேளுங்க. என்கிட்ட இல்ல."

முதலாளியம்மா ஓடி வந்தாள். "அக்கா, விருந்தாளிங்க முன்னாலயா?"

"வேலைய விட்டுத் தூக்குறதுன்னா தூக்கிக்க தாயி." மேனேஜர் பக்கம் திரும்பினாள். "துறையில படகு நிக்குது. அக்கரையில என் கொழுந்தனுங்க இருக்காங்க. இப்ப சொன்னதை அவங்க வாசல்ல நின்னு சொல்லுங்க."

"சாப்பிட்டுட்டு..."

"நான் போட்டது உங்க தொண்டையில இறங்குமா?"

சம்பந்தி தன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கெளம்புங்க. நாங்களும் வர்றோம்."

படகில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் தண்ணீரைப் பார்த்தார். இவள் அவரையே பார்த்தாள்.

நடு ஆற்றில், "சனங்க கூடிருமே தாயி" என்றார்.

"கூடட்டும். அதுக்குத்தான் சனங்க வேலைக்குக் கெளம்புறதுக்கு முந்தியே கூட்டிட்டுப் போறேன்."