டப்பா டீச்சரின் முதல் எழுத்து

சித்தியை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. டப்பா டீச்சர் என்பார்கள். அவள் வகுப்பில் பிள்ளைகள் முதலில் எழுதிப் பழகுவது ட. அடுத்தது ப. அகரத்தில் தொடங்காத டீச்சருக்கு யாரோ ஒரு தகப்பன் கிண்டலாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அலமாரி நிறைய மணலும் பொத்தானும் கொட்டைகளும் போட்ட டப்பாக்கள் இருந்ததால் பிள்ளைகளுக்கு அது கிண்டலாகவே படவில்லை. அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதும் சித்தப்பாதான் விடமாட்டார். "இத்தன வருஷமா பாடம் நடத்துறா, உங்க சித்தி இன்னும் ப தாண்டல" என்பார்.

நான் பல நாடு சுற்றிவிட்டு வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். வீட்டுக்குள் கால் தரிக்காமல் தினமும் சித்தியோடு பள்ளிக்குப் போனேன். பள்ளி என்றால் மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை. தரையில் பாய். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் வந்ததும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பார்கள். டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், மாவு உருட்டுவார்கள், கேட்ட கதையைத் தப்பாகத் திருப்பிச் சொல்வார்கள். சித்தி திருத்த மாட்டாள். மணலில் விரலால் கோடு இழுக்கும் நேரம் வரும்போது ட வரும். மேலிருந்து ஓர் இறக்கம், பக்கவாட்டில் ஒரு நீட்டம், முடிந்தது. அ அப்படியல்ல. சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், குறுக்கே இழுத்துப் பிறகு நிமிர்த்த வேண்டும். அந்த வயதில் மணிக்கட்டு அதற்குத் திரும்பாது என்பது சித்தியின் கட்சி. இதற்காகப் பள்ளி நடத்தும் அம்மாளிடம் வருடா வருடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

பிரச்சினை தையல்காரம்மாவின் மகளால் வந்தது. நான்கு வயது, வாய் ஓயாது. வாயாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவளைப் பெரிய பள்ளியில் சேர்க்க அம்மா அழைத்துப் போயிருக்கிறாள். அங்கே ஒரு தாளைக் கொடுத்து அ எழுதச் சொன்னார்கள். வாயாடி தாள் கொள்ளாத அளவுக்குப் பெரிய ட ஒன்றை எழுதிவிட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். மூன்று மாதம் கழித்து ஓர் இடம் காலியாகும், அதற்குள் எழுதப் பழக்கி அழைத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு படியேறி வந்தாள். மகளை நாளைக்கே வேறு பள்ளிக்கு மாற்றப்போவதாகச் சொன்னாள். இவள் போனால் பின்னாலேயே நாலு பேர் போவார்கள் என்று பள்ளி அம்மாள் சித்தியின் காதுபடவே புலம்பினாள்.

சித்தி பொறுமையாகத்தான் கேட்டாள். "அவள மெஷின்ல உக்கார வெச்சு மிதிக்கச் சொல்வீங்களா?"

"கால் எட்டாதே."

"கையும் அப்படித்தாம்மா. இன்னும் எட்டல."

"எட்டலன்னா ஒரு கட்டை வெச்சுக் குடுப்பேன் டீச்சர். நீங்க அதக்கூட செய்யல" என்றாள் தையல்காரம்மா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "பேங்க்ல எல்லார் முன்னாடியும் கைநாட்டு வெச்சவ நான். இவ எங்கயும் அப்படி நிக்கக் கூடாது."

 மூன்று மாதத்துக்குள் அ வரும் என்று சித்தி ஒத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மற்ற பிள்ளைகள் மாவு உருட்டும் நேரத்தில் வாயாடி மட்டும் பென்சிலோடு உட்கார்ந்தாள். சித்தி பின்னால் மண்டியிட்டு, அந்தச் சின்னக் கையைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்து எழுதவைத்தாள். அ அழகாக வந்தது. முதல் தாளைத் தையல்காரம்மா கடையில் மெஷினுக்கு மேலே ஒட்டினாள். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். வாயாடி பேச்சைக் குறைத்தாள். கதை நேரத்தில்கூட மூடிய கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

நாள் நெருங்கியதும் சித்தி ஒருநாள் கையை எடுத்துவிட்டு, "இப்ப நீயா எழுதுடா கண்ணு" என்றாள். வாயாடி பென்சிலை அவளிடமே நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க டீச்சர். எப்பவும் நீங்கதான எழுதுவீங்க."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக் கொடுப்பது மாதிரி சொன்னாள்.  அன்று மாலையில் சித்தி நேராகத் தையல் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சுவரில் இருந்த தாளைக் கைகாட்டினாள்.

"அது நான் எழுதினதும்மா. உள்ள அவ கை இருந்துச்சு, அவ்வளவுதான்."

தையல்காரம்மா ஓடிக்கொண்டிருந்த தையலை முடித்து நூலை அறுத்தாள். "எல்லாத் தாளுமா?"

"எல்லாம்."

"சொல்லாமலே இருந்திருக்கலாமே நீங்க."

"அங்க தனியா உக்கார வெச்சுக் கேப்பாங்க. அப்ப அவதான திருதிருன்னு முழிப்பா."

தையல்காரம்மா எழுந்து தாளை மெதுவாக உரித்தாள். ஒரு மூலை மட்டும் சுவரோடு தங்கிவிட்டது. சித்தி மேல் கோபமில்லை என்றும், காத்திருக்கத் தனக்குத்தான் தைரியம் போதவில்லை என்றும் சொன்னாள். அந்த வாரமே வாயாடியை எழுத வைக்கும் பள்ளிக்கு மாற்றினாள். சித்தி தடுக்கவில்லை. பள்ளி அம்மாள் பயந்தது போலவே இன்னும் சிலரும் போனார்கள். பாயில் இடம் நிறைய இருந்தது.

பிள்ளை சேர்க்கும் காலம் வந்ததும் சித்தி மருந்துக்கடை ஓரம், படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். பள்ளி அம்மாள் மேலேயிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். வருகிறவர்களிடம் சித்தி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் இங்க அ வராது. தெரிஞ்சு சேருங்க."

பாதிப்பேர் அப்படியே திரும்பினார்கள். தோளில் மகனைத் தூக்கிவந்த ஒருவர் மட்டும் நின்று, அப்படியானால் என்னதான் வரும் என்று கேட்டார்.

சித்தி யோசித்தாள். "செருப்ப அவனே போட்டுக்குவான். உங்ககிட்ட ஓயாம பேசுவான். கேள்வி கேட்டா அடிக்காதீங்க."

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் போனார். சித்தி படியிலேயே உட்கார்ந்து அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தாள்.