ஏழடி ஆழம் என்று எழுதிய அட்டை

மட்டாஞ்சேரியில் எந்தத் தெருவைத் தோண்டினாலும் நாலரை அடிக்குக் கீழே உப்புத் தண்ணீர் ஊறி மேலே வந்துவிடும். கடல் ஏற்றமாக இருக்கும் நாளில் நாலடியிலேயே வந்துவிடும். மாநகராட்சி ஓடைகளில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவளுக்கு இதைச் சொல்ல எந்தப் பட்டமும் தேவையில்லை. ஆகவே, 2005 பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் ஓர் அறக்கட்டளை திறந்த கண்காட்சியில், நான் கொடுத்த ஜாடிக் கைப்பிடியின் கீழே ‘மட்டாஞ்சேரி, ஏழடி ஆழம், அறக்கட்டளையின் கள ஆய்வு’ என்று எழுதியிருப்பதை என் மகள் கங்கா படித்துச் சொன்னபோது, அது பொய் என்று அங்கேயே சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இங்கே முறையாக எழுதுகிறேன்.

என் பெயர் மாயம்மாள். 1989இல் துப்புரவு வேலையில் சேர்ந்தேன். பள்ளியில் படித்தது இரண்டாம் வகுப்பு வரை. தமிழை மளிகைப் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள்களைக் கொண்டு நானே தேற்றிக்கொண்டேன். என் மகளுக்கு மலையாளமும் ஆங்கிலமும் தெரியும். தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். ஆகையால் எங்கள் வீட்டில் எந்தத் தாளையும் முழுதாகப் படிக்க இரண்டு பேர் வேண்டும்.

எங்கள் வேலை இப்படி நடக்கும். ஆண்கள் ஓடையையும் குழாய்ப் பள்ளத்தையும் தோண்டி, மண்ணைச் சாலையோரத்தில் குவிப்பார்கள். இரண்டு நாள் காய்ந்த பிறகு பெண்கள் கூடையில் வாரி வண்டியில் ஏற்றுவோம். பள்ளத்தின் மேல் மண் முதலில் வெளியே வருவதால் அது குவியலின் அடியில் கிடக்கும். ஆழத்து மண் குவியலின் உச்சியில் இருக்கும். அதாவது நாங்கள் கூடையில் முதலில் வாருவது எல்லாவற்றிலும் பழைய மண். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 1993 ஜூலையில் ஒரு குவியலின் உச்சியில் பச்சை மெருகு பூசிய கிண்ணத்துண்டு ஒன்றும், அதே குவியலின் அடியில் சோடா பாட்டில் மூடியும் கிடைத்தபோது தானாக விளங்கியது.

அந்தத் துண்டில் தாமரை இதழ் போலக் கோடு கீறியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் கணவர் செல்லதுரை பஜாரில் அரிசி மூட்டை தூக்குபவர்.

“ஏட்டி, ஓடையில கெடந்தத அடுப்படி வரைக்கும் கொண்டாந்துட்டியா? நாளைக்கு அந்த ஓடையவே சுருட்டித் தலையில வெச்சுட்டு வருவ போலுக்கே” என்றார்.

“கழுவிட்டுத்தான் கொண்டாந்தேன்.”

“கழுவுனா போதுமா? ஒங்க டிப்போவுல பிளீச்சிங் பவுடரு மூட்ட மூட்டயாக் கெடக்கு. ஊறப்போடு. இல்லன்னா நானும் அதுவும் ஒரே வீட்டுல இருக்க முடியாது.”

ஊறப்போட்டேன். அன்று முதல் பத்தாண்டுகள், கையில் கிடைத்த ஒவ்வோர் ஓட்டுத் துண்டையும் ஒரு நாள் முழுக்க பிளீச்சிங் கரைசலில் போட்டே வீட்டுக்குள் சேர்த்தேன். ஓடையில் இறங்குகிறவர்கள் செருப்பிலிருந்து சோற்றுத் தூக்கு வரை அப்படித்தான் செய்வோம். இது பெரிய தவறு என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அதையும் மறைக்கப்போவதில்லை.

ஆழத்தை அளக்க எங்களிடம் நாடா இல்லை, வீரபாண்டி இருந்தார். எங்கள் குழுவில் பள்ளத்துக்குள் இறங்குபவர் அவர்தான். “எவ்வளவு ஆழம்ப்பா?” என்று கேட்டால் “முட்டு”, “இடுப்பு”, “நெஞ்சு” என்பார். ஒருநாள் தையல்காரரிடம் நாடா இரவல் வாங்கிவந்து அவரை நிற்கவைத்து அளந்தேன்.

“எதுக்குக்கா, எனக்குச் சட்ட தைக்கப் போறியா?” என்றார்.

“ஒன்ன அளவுகோலாக்கப் போறேன்.”

“அப்ப கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கோ. ஊருல பொண்ணு பாக்கையில ஒதவும்.”

முட்டு ஓரடி ஏழங்குலம், இடுப்பு மூன்றடி ஓரங்குலம், நெஞ்சு நாலடி, முழு ஆள் ஐந்தடி மூன்றங்குலம். இந்த அளவுகள் என் பதிவேட்டின் முதல் பக்கத்தில் உள்ளன. அதன் கீழே வீரபாண்டியின் கைநாட்டும் உள்ளது.

வாய் விளிம்புத் துண்டு கிடைத்தால் முழுப் பாத்திரம் எவ்வளவு பெரியது என்று அறிய ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வளையல், டம்ளர், தட்டு, வேலைக்கூடை ஆகியவற்றை ஒரே புள்ளியை நடுவில் வைத்து ஒரு பெரிய தாளில் வட்டம் வட்டமாக வரைந்தேன். துண்டை எந்த வட்டத்தின் வளைவோடு பொருந்துகிறதோ அதன் மேல் வைத்தால் வாயின் அகலம் தெரிந்துவிடும். முதல் கிண்ணத்தின் வாய் தட்டு வட்டத்தோடு பொருந்தியது. எறணாகுளம் நூலகத்தில் கங்கா எடுத்துவந்த படப்புத்தகங்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டேன். பச்சைக் கிண்ணம் சீனத்தில் சுட்டது. வெள்ளையில் நீலப் பூ போட்டதும் சீனம், ஆனால் பிந்தையது. மயில் கழுத்து நிற மெருகுடன் கனத்த சுவர் கொண்ட ஜாடி பாரசீக வளைகுடாப் பக்கத்தது. மெருகே இல்லாமல் உள்ளே கரியும் வெளியே சிவப்பும் உள்ளவை நம் பக்கத்துச் சோற்றுப் பானைகள். இத்தனை நாட்டு மண் ஒரே ஓடையில் கிடந்தது எனக்கு அதிசயமாகப் படவில்லை. எங்கள் தெருவில் குடியிருப்பவர்களும் அப்படித்தான்.

இனி எண் 74. பதிவேட்டில் உள்ளபடியே எழுதுகிறேன்: ‘1998 நவம்பர் 19. தடித்த கைப்பிடி, ஒரு சாண். சுட்ட மண்ணில் கறுப்புப் பொடிமணல் மின்னுகிறது. பள்ளத்தை மூட வந்த லாரி மண்ணில் இருந்தது. நம் குழி அல்ல. ஊர் தெரியாது.’ ஓட்டுநர் கசக்கி எறிந்த நடைச்சீட்டையும் அந்தப் பக்கத்திலேயே குத்தி வைத்தேன். மண் ஒரு லோடு, ஏற்றிய இடம் ஏலூர் என்று அதில் இருக்கிறது. ஏலூரில் அது எந்தப் பறம்பிலிருந்து, அதாவது யாருடைய தோட்ட நிலத்திலிருந்து வந்ததோ, அந்தப் பறம்புக்கு எங்கிருந்து வந்ததோ, சீட்டில் இல்லை. ஆகவே நானும் எழுதவில்லை. பின்னர் படங்களைப் பார்த்து, ரோம நாட்டு மது ஜாடியின் கைப்பிடியைப் போல இருக்கிறது என்று பென்சிலில் மட்டும் குறித்தேன்.

2003 ஆகஸ்டில், நான் குவியலில் ஓடு பொறுக்குவதைப் பார்த்து ஷாஜி என்பவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். அறக்கட்டளையின் கண்காட்சிப் பொறுப்பாளர், தமிழும் படிக்கத் தெரியும் என்று அறிமுகம் செய்துகொண்டார். வீட்டுக்கு வந்து, சாயா குடித்துவிட்டு, ஓடுகளை பிளீச்சிங்கில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, நூற்றுப் பன்னிரண்டு ஓடுகளையும் பதிவேட்டின் நகலையும் கண்காட்சிக்காகக் கேட்டார். கொடுத்தேன். ஆனால் எண்வாரியாகப் பட்டியல் எழுதி, ‘திரும்பக் கேட்டால் பதினைந்து நாளில் தரப்படும்’ என்ற வரியையும் சேர்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே கொடுத்தேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான்.

திறப்பு விழாவுக்கு மறுவாரம், நடைச்சீட்டோடு அவர் அலுவலகத்துக்குப் போனேன். கங்காவும் வந்தாள்.

“சேச்சி, கோபப்படாதீங்க. முதல்ல ஒரு காரியம் சொல்றேன்” என்றார் ஷாஜி. “நீங்க எல்லாத்தையும் பிளீச்சிங்ல முக்கியெடுத்தீங்க. ஜாடிக்குள்ள ஒட்டியிருந்த எண்ணெயோ மதுவோ எல்லாம் போயி. இனி லேப்ல வெச்சு ஒண்ணும் பாக்க முடியாது. அப்படிப்பட்ட ஆளோட நோட்டுப்புத்தகத்த நாங்க எப்படி ஆதாரமா எடுக்கறது?”

“அது என் தப்பு சார். ஒத்துக்கறேன். நீங்க சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேன், அந்தத் தேதியும் நோட்டுல இருக்கு. ஆனா பிளீச்சிங் பவுடரு அழுக்கத்தான் எடுக்கும். லாரியில வந்தத குழியில வந்ததா மாத்தாது.”

“லாரி மண்ணுன்னு எழுதினா அது வெறும் ஓடு, சேச்சி. மட்டாஞ்சேரின்னு எழுதினா ரெண்டாயிரம் கொல்லம், ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே ரோமாக்காரன் நம்ம வாசல்ல வந்து நின்னான்னு ஆகும். நம்ம ஊருக்குத்தானே பெருமை?”

“பெரும வேணும்னா சீனத்துக் கிண்ணம் இருக்கு, பாரசீகத்து ஜாடி இருக்கு. அதெல்லாம் எங்க பள்ளத்துலேருந்தே வந்தது. அத எழுதுங்க.”

“அது எல்லாத் துறைமுகத்துலயும் கிட்டும்.”

“சரி, ஏழடிங்கற கணக்கு எங்கேருந்து வந்துச்சு?”

அவர் பேனாவைத் திருகினார். “அத்ரயும் பழசுன்னா ஆழத்துல இருக்கணும்லே.”

“எங்க வீரபாண்டிக்கு மொத்த உசரமே அஞ்சடி மூணங்குலம். ஏழடியில எறக்குனா தலையே தரைக்குக் கீழ போயிரும், இடுப்பு வரைக்கும் தண்ணி ஊறி நிக்கும். அப்ப கைப்பிடிய எடுத்துக் குடுத்தது யாரு, கெளுத்தி மீனா?”

கங்கா சிரித்துவிட்டாள். ஷாஜியும் சிரித்தார், பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“உங்க வெஷமம், அந்த வருத்தம், எனக்கு மனசிலாவுது. பேரு வரலே, அதானே? அறக்கட்டளைப் பேர எடுத்துடறோம். கண்டெடுத்தவர் மாயம்மாள்னு பித்தளையில வெட்டி வெக்கலாம். வாசல்லயே. இதுல ஒரு ஒப்பு மட்டும் போடுங்க.”

கங்கா படித்தாள். மட்டாஞ்சேரியில், ஏழடி ஆழத்தில், என் கையால் எடுத்தேன் என்று இருந்தது.

அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. இதை எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. பதினாறு ஆண்டுகளில் என் பெயர் வருகைப் பேரேட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. தாளை வீட்டுக்கு எடுத்துவந்து மூன்று நாள் வைத்திருந்தேன்.

“பித்தளையில பேரு வருதுங்கான். போட்டுக் குடுத்துட்டுப் போயேன், ஒனக்கென்ன?” என்றார் செல்லதுரை.

“நீங்க சுமக்கற மூட்டையில ஒண்ணுல கல்லு வெச்சுத் தச்சிருந்தா, மத்த மூட்டையப் பிரிச்சுப் பாக்காம வாங்குவாங்களா?”

“வாங்கமாட்டான். லோடு மொத்தத்தயும் திருப்பிருவான்.”

அதுதான் என் கணக்கும். எழுபத்து நான்கில் நான் பொய் சொன்னால், மீதி நூற்றுப் பதினொன்றுக்கும் என் சொல் நிற்காது. முட்டு, இடுப்பு, நெஞ்சு எல்லாம் கதையாகிவிடும். தாளைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினேன், நகல் வைத்திருக்கிறேன். அட்டையைத் திருத்தும்படி மார்ச், மே, ஜூலை மாதங்களில் மூன்று பதிவுத் தபால்கள் அனுப்பினேன். மூன்றுக்கும் பெற்றுக்கொண்ட ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை. நான்காவது கடிதத்தில் திருத்தம் கேட்கவில்லை. ரசீதில் அவரே கையெழுத்திட்ட வரியை எடுத்தெழுதி, நூற்றுப் பன்னிரண்டையும் திரும்பக் கேட்டேன்.

பதினைந்தாம் நாள், அதாவது செப்டம்பர் ஒன்பதாம் தேதி, வேலைக்கூடையில் வைக்கோல் பரப்பி எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். வீரபாண்டி இன்னொரு கூடையோடு வந்தார். பார்வையாளர்கள் நின்றுகொண்டிருக்க, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகத் திறக்கச் சொல்லி எண் பார்த்து எடுத்தேன். நாற்பதாம் எண்ணைக் காணவில்லை. அது கிடைக்கும்வரை பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து, ஷாஜியின் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த நீலப் பூ ஓட்டுத் துண்டை அவரே கொண்டுவந்தார்.

“இதையெல்லாம் கொண்டுபோய் எங்க வெப்பீங்க, சேச்சி? யாரு பாப்பாங்க?”

“எங்க யூனியன் ஆபீஸ்ல கண்ணாடி அலமாரி இருக்கு. மால போட்ட படங்கள மேல் தட்டுக்கு ஏத்தியாச்சு.”

“அந்தக் கைப்பிடிக்கு என்ன எழுதுவீங்க?”

“லாரி மண், ஊர் தெரியாது. எடுத்தவள் மாயம்மாள்.”

கைப்பிடி இருந்த பெட்டிக்குள் அவருடைய அட்டை மட்டும் தனியாகக் கிடந்தது. அதையும் தரும்படி கேட்டேன்.

“அது எங்க அட்டை. உங்க லிஸ்டுல இல்லை” என்றார்.

“அதனாலதான் அதுக்குத் தனியா ரசீது தாரேன்” என்று சொல்லி, அவருடைய பேனாவையே வாங்கி எழுதிக்கொடுத்தேன்: ‘தவறான இடமும் தவறான ஆழமும் எழுதிய அட்டை ஒன்று பெற்றுக்கொண்டேன். மாயம்மாள், துப்புரவுத் தொழிலாளி.’ அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார்.