வாஷிங் மெஷினுக்கு முட்டுக்கொடுத்தவர்

அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வீட்டுக்கு வந்ததும் கண்காணிக்க ஆளில்லாமல் தவித்துப்போனார். இருந்தது ஒரே ஒரு மனைவி. இல்லத்தரசி என்று அவளுக்குப் பட்டம்; ஆட்சி மட்டும் அவருடையது. அடுப்பை எப்போது குறைக்க வேண்டும், தலையணையை எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் உத்தரவு வரும். ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டாரா என்று மட்டும் கேட்கக் கூடாது.

நல்லவேளையாக வாஷிங் மெஷின் சத்தம்போட ஆரம்பித்தது. மேல்மூடி வைத்த மெஷின். துவைக்கிறவரை பரம சாது. துணியைப் பிழியச் சுற்றத் தொடங்கியதும் தடதடவென்று ஆடி, இடம்விட்டு இடம் நகர்ந்து, குளியலறை வாசல்வரை வந்து எட்டிப்பார்க்கும். மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று மனைவி கேட்டாள். இத்தனை பெரிய அலுவலகத்தையே கட்டி மேய்த்தவருக்கு இது ஒரு பொருட்டா? துணியைக் குறைத்துப் போட்டார். ஒரே பக்கம் சுருண்ட போர்வையைப் பிரித்துப் பரப்பினார். சட்டைப் பைகளில் சில்லறை தேடினார். குனிந்து அடியில் மட்டும் பார்க்கவில்லை. அதிகாரி குனிவாரா?

கடைசியில் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதுகை மெஷினில் கொடுத்து, காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டார். மெஷின் நகரவில்லை. சத்தம் அப்படியேதான் இருந்தது. கையில் செய்தித்தாள் நடுங்க, கன்னம் நடுங்க, மனிதர் கடமையாற்றினார். அந்த நேரத்தில் அவர் போடும் உத்தரவு எதுவும் சமையலறைக்குக் கேட்காது. இல்லத்தரசிக்கு அதுதான் நிம்மதி.

அந்த நிம்மதிக்கும் வேட்டு வைத்தாள், லீவுக்கு வந்த மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். சத்தம் கேட்டால் காரணம் தேடுகிற புத்தி. குனிந்து பார்த்தாள். மெஷினின் நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. ஸ்பேனரால் அதைத் திருகி இறக்கி, நட்டை முடுக்கிவிட்டு, மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

மெஷின் ஊமையானது. கண்காணிப்பாளர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றினார். பிறகு சமையலறைக்கு வந்தார். டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார். வெங்காயத்தை இவ்வளவு பெரிதாகவா நறுக்குவார்கள் என்று பக்கத்திலேயே நின்று விசாரணை நடத்தினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் மகள் என்று இல்லத்தரசி நொந்துகொண்டாள். இரண்டு சத்தங்களில் மெஷின் சத்தமே மேல்.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கருவிப் பெட்டியைத் திறந்தாள். அந்தக் காலைப் பழையபடி தூக்கிவிடுவது என்று முடிவு. ஸ்பேனரைக் காணோம். கையால் திருக முடிகிறதா பார்ப்போம் என்று மெஷினடியில் குனிந்தாள். கால் ஏற்கெனவே அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் ஸ்டூல், அதன்மேல் மடித்துவைத்த செய்தித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேலை இல்லாமல் அந்த மனிதர் எவ்வளவு தவித்திருந்தால், யாருக்கும் குனியாதவர் இதற்குக் குனிந்திருப்பார்! எழுந்துபோய்த் துணியைக் கொண்டுவந்து போட்டு மெஷினை ஓடவிட்டாள்.

பிழியத் தொடங்கித் தடதடத்ததும், தலைகூடத் துவட்டாமல், கழற்றிப்போட்ட சட்டையையே மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பாத்தியா? பொண்ணு சரி பண்ணிட்டான்னு ஆடினியே. நான் இல்லேன்னா இந்த வீட்டுல என்ன நடக்கும்?"

சட்டைப் பையில் ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணும் நடக்காதுங்க. வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். முதுகைக் கொடுத்தார். அவள் படுக்கையறைக்குப் போய், நேற்றுதான் மாற்றிய விரிப்பை உருவிக் கொண்டுவந்து அவர் பக்கத்து வாளியில் போட்டாள்.

"நாளைக்கும் ஆபீஸ் இருக்குங்க," என்றாள்.